பக்க ஓரத்து முடிச்சுகள்

வாண்டு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம், அங்கே நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், ஆனால் என் சுகத்தை நீ நம்பமாட்டாய், உன் சுகத்தை நான் நம்பமாட்டேன், அதனால் உடம்பு வரைக்கும் சொல்கிறேன், உடம்புக்கு ஒன்றும் இல்லை. சமைக்கிறேன், சாப்பிடுகிறேன். ஒருத்திக்கு மட்டும் சமைக்கிற அளவு இன்னும் கைக்கு வரவில்லை, தினமும் மிஞ்சுகிறது, மிஞ்சியதை மாடி வீட்டு அக்காவுக்குக் கொடுக்கிறேன், அவள் முட்டி வலியோடு படியிறங்கி வந்து வாங்கிக்கொண்டு உப்பு பத்தவில்லை என்று குறையும் சொல்லிவிட்டுப் போகிறாள். சமையலறைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. அப்பா இருந்தால் தடவிப் பார்த்தே சரி செய்திருப்பார், இப்போது ஆள் வைத்துச் செய்தேன், வந்தவன் திருகியதை நின்று பார்த்தேன், அப்பா அளவுக்கு இல்லை. நீ வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போகிறாயா? உனக்குச் சளி என்றால் முதலில் காதில்தான் வரும், ஞாபகம் இருக்கட்டும்.

போன வாரம் நீ போன் செய்தபோது நான் தையல் கடையில் இருந்தேன், மாஸ்டர் பக்கத்திலேயே மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார், நீ சொன்னதில் பாதி காதில் விழவில்லை. விழுந்த பாதியே போதும். அப்பா போனதிலிருந்து படிப்பு மண்டையில் ஏறவில்லை, ஒரு பக்கம் முடித்துவிட்டு நிமிர்ந்தால் என்ன படித்தோம் என்றே தெரியவில்லை என்றாய், "வேண்டாம்மா, விட்டுட்டு வந்துடறேன், மாசக் கடைசிக்குள்ள காலேஜுக்குச் சொல்லணும்" என்றாய். நான் சரி சரி என்று வைத்துவிட்டேன். மாஸ்டர் என்ன என்று கேட்டார், ஒன்றும் இல்லை என்றேன், அவர் மேலே கேட்காமல் என் மடியில் கிடந்த சட்டையை எடுத்து அவரே பட்டன் தைக்க ஆரம்பித்துவிட்டார். உண்மையைச் சொல்கிறேன், நீ வந்துடறேன் என்றதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது உள்ளே விளக்கு எரியும், செருப்பைக் கழற்றும்போதே யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று நினைத்துவிட்டேன். அப்புறம் வீட்டுக்கு வந்து அப்பாவின் நாற்காலியைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. போனில் பேசினால் நான் அழுவேன், நீ அழுவாய், சொல்ல வேண்டியது அப்படியே நின்றுவிடும், அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரித்தால் சிரித்துக்கொள், ஆனால் முழுவதும் படி.

நீ இங்கே இருந்தவரை அப்பாவின் கண்ணுக்குப் பெரிய எழுத்தாவது தெரிந்தது. நீ போன பிறகுதான் அதுவும் போயிற்று, பம்பு நிலையத்து வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். சும்மா உட்காரத் தெரியாத மனுஷன், நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் நீ படிக்கிற நிலத்தடி நீர் பாடத்தில் தமிழில் ஏதாவது புத்தகம் இருந்தால் நூலகத்திலிருந்து எடுத்துவா என்றார். கல்லூரிப் பிள்ளைகள் படிக்கிற தடிப் புத்தகம் ஒன்றுதான் இருந்தது, தூக்கிக்கொண்டு வந்தேன். மாடி வீட்டு அக்கா பார்த்துவிட்டு "என்ன, இந்த வயசுல பரீட்சை எழுதப் போறீங்களா?" என்று கேட்டாள். அப்பா, "ஆயுசு முழுக்கத் தண்ணிய மேல ஏத்தினேன், அது எங்கேருந்து வருதுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. என் பொண்ணு தெரிஞ்சுக்கிட்டு வந்து நிக்கும்போது நான் திருதிருன்னு முழிக்கணுமா?" என்றார். அது அக்காவுக்குச் சொன்ன பதில். எனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை உன்னோடு போனில் பேச அவருக்கு ஒரு விஷயம் வேண்டியிருந்தது. சாப்பிட்டியா, குளிருதா, இந்த இரண்டுக்கு மேல் அவருக்கு உன்னிடம் என்ன பேசுவது என்று தெரியாது, ஆனால் பேச ஆசை. அப்புறம் களிமண்ணைப் பற்றியும் மணலைப் பற்றியும் கேட்டு உன்னைக் குடைந்தெடுத்தாரே, அதெல்லாம் இந்தப் புத்தகத்திலிருந்து வந்ததுதான்.

அவருக்குக் கண் இல்லை, எனக்குப் படிப்பு இல்லை, அஞ்சாம் வகுப்போடு நின்றவள். முதல் நாள் எழுத்துக் கூட்டி ஒரு பக்கத்தை முடித்து மூச்சு வாங்கி நிமிர்ந்தேன். "என்ன சொல்லியிருக்கான்?" என்றார். கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள் என்றேன். "நீ படிச்ச சத்தம் கேட்டுச்சு, அவன் சொன்னது கேக்கல. உனக்குக் கேட்டுச்சா?" என்றார். எனக்கும் கேட்கவில்லைதான், ஆனால் ரோஷம் வந்து அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். நீ போனில் சொன்னாயே, அதேதான், கண் ஓடியது, வாய் ஓடியது, உள்ளே ஒன்றும் இறங்கவில்லை. எனக்கு அப்போது துக்கம்கூட இல்லை வாண்டு, நன்றாகத்தான் இருந்தேன், அப்படியும் இறங்கவில்லை. அதைத்தான் முதலில் உனக்குச் சொல்ல நினைத்தேன்.

மறுநாள் அவரே ஒரு வழி சொன்னார். எடுத்ததும் வாசிக்காதே, தலைப்பைச் சொல்லு, உள்ளே இருக்கிற சின்னத் தலைப்புகளைச் சொல்லு, படம் இருந்தால் படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லு, கடைசிப் பத்தியை மட்டும் ஒரு தடவை வாசித்துக் காட்டு என்றார். "பம்பு ரூமுக்குள்ள போனதும் எவனும் சுவிட்சைத் தட்டமாட்டான், எது எங்க இருக்குன்னு ஒரு சுத்து பார்ப்பான்" என்றார். சுற்றிப் பார்த்த பிறகு தலைப்பைக் கேள்வியாக மாற்ற வேண்டும். மழைநீர் ஊடுருவல் என்று போட்டிருந்தால், பெய்கிற மழை எல்லாம் உள்ளே போகுமா, போகாதது எங்கே போகும் என்று நான் கேட்க வேண்டும், அவர் தனக்குத் தெரிந்ததை வைத்து ஒரு பதில் சொல்லுவார், அதன் பிறகுதான் வாசிப்போம். அவர் சொன்னது சரியா என்று பார்க்கவே எனக்கு அவசரமாக இருக்கும், தப்பாக இருந்தால் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம். தெரியாத சொல் வந்தால் அங்கேயே உட்காராதே, அந்த வரியை முடி, அடுத்த வரியைப் பார், அப்பவும் பிடிபடாவிட்டால் திரும்பி வா என்பார். ஆனால் என்றோ, ஆகவே என்றோ ஒரு வரி ஆரம்பித்தால் கையைத் தூக்கிவிடுவார், மெதுவாகப் படிக்க வேண்டும், அங்கேதான் எழுதினவன் திரும்புகிறான் என்பார்.

ஒவ்வொரு பத்தி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு என் வாயால் சொல்ல வேண்டும், புத்தகத்தில் இருக்கிற சொல்லைச் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார். அதில்தான் என் குட்டு வெளிப்பட்டது. நீர்த்தாங்கி என்று வந்துகொண்டே இருந்தது, நானும் பூமிக்குள் யாரோ பெரிய தொட்டி கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டு போனேன். ஒரு நாள் சொல்லும்போது, இவ்வளவு ஆழத்தில் போய் அந்தத் தொட்டிக்கு யார் பூசினார்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து அக்கா என்னவோ என்று இறங்கி வந்துவிட்டாள். தண்ணீர் தங்குகிற மண், பாறை அடுக்குக்குத்தான் அந்தப் பெயராம், வாய்விட்டுச் சொல்லாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் எனக்கு அது தொட்டிதான். அப்புறம் களிமண்ணில் நிறைய இடுக்கு இருக்கும், தண்ணீர் பிடிக்கும், ஆனால் விடாது என்று வந்தது, அது எப்படி என்று இரண்டு பேருக்கும் மண்டை காய்ந்தது. உன் கடையில் அப்படி ஏதாவது இருக்கிறதா பார் என்றார். மறுநாள் கடையில் தலையணைக்குப் பஞ்சு அடைத்துக்கொண்டிருக்கும்போது பிடிபட்டது, பஞ்சு ஊறும், கீழே சொட்டாது, கொசுவலைத் துணி ஒன்றையும் பிடிக்காது, அப்படியே விட்டுவிடும். ஓடிவந்து சொன்னேன். அவர் "இதை ஞாயித்துக்கிழமை வாண்டுகிட்ட நான்தான் சொல்லுவேன், நீ சொல்லக்கூடாது" என்றார். உன்னிடம் சொன்னார்தானே, தானே கண்டுபிடித்த மாதிரி.

இதெல்லாம் சரி, முக்கியமான இடத்தில் ஒரு குறி போட வேண்டுமே, பென்சிலில் போட்டால் அவருக்குத் தெரியாது. அதனால் ஊசி நூலில் போட ஆரம்பித்தேன். பக்கத்தின் ஓரத்தில் மெல்லிய ஊசியால் ஒரு குத்து, நூலைக் கோத்து ஒரு முடிச்சு, மிச்சத்தைக் குட்டையாக வெட்டிவிடுவது. அவர் விரலால் ஓரத்தைத் தடவிக்கொண்டே வந்தால் முடிச்சு தட்டும். ஒரு முடிச்சு என்றால் இதுதான் விஷயம், இரண்டு முடிச்சு என்றால் இங்கே ஒரு கேள்வி இருக்கிறது, வளையம் விட்டிருந்தால் அப்பா அந்த இடத்தில் சண்டைக்குப் போனார் என்று அர்த்தம். மக்கள் தண்ணீரை வீணாக்குகிறார்கள் என்று ஒரு பத்தியில் எழுதியிருந்தது, "இவன் ஒரு நாளாவது பம்பு ஓட்டியிருக்கானா? குழாய் ஓட்டையில போறது எவ்வளவுன்னு இவனுக்குத் தெரியுமா?" என்று குதித்தார், அங்கே ஒன்றுக்கு மூன்றாக வளையம் போட்டுக்கொடுத்தேன். முதலில் எனக்கு எதை விடுவது என்று தெரியாமல் வரிக்கு ஒன்றாகக் குத்தித் தள்ளினேன், தடவிப் பார்த்துவிட்டு "ஏய், இந்தப் பக்கத்துக்குத் தாடி முளைச்சிருக்கு" என்றார். அத்தனையும் பிரித்துவிட்டு, பத்தியை முதலில் முழுதாகக் கேட்டு, எதைப் பிடுங்கினால் மிச்சம் எல்லாம் விழுந்துவிடுமோ அந்த வரிக்கு மட்டும் போடச் சொன்னார். அப்பா காரியத்துக்கு நீ வந்திருந்தபோது மேஜையில் அந்தப் புத்தகம் இருந்தது, அம்மா எங்கேயோ துணி நூலைச் சிந்தியிருக்கிறாள் என்று நினைத்திருப்பாய், நீயும் கேட்கவில்லை, எனக்கும் அப்போது சொல்ல வாய் இல்லை.

நூலகத்தில் இது முதலில் பெரிய ரகளையாகிவிட்டது. அங்கே மேஜையில் இருக்கிற அம்மாளுக்கு அப்பா உஷ் அம்மா என்று பெயர் வைத்திருந்தார், யார் மூச்சு விட்டாலும் உஷ் என்பாள். நானும் அப்பாவும் தவணை நீட்டிக்கப் போனபோது புத்தகத்தை விரித்தாள், ஓரமெல்லாம் நூல் தொங்குகிறது. "என்னங்க இது, புத்தகமா பாவாடையா? ஓரம் அடிச்சுக் கொண்டு வந்திருக்கீங்க?" என்று அவளே கத்தினாள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா நிதானமாக, "மத்தவங்க பென்சில்ல கிறுக்குவாங்க, இவ ஊசியில கிறுக்குறா, எனக்கு அதுதாம்மா தெரியும்" என்றார். ஓட்டை விழுந்துவிட்டதே என்றாள். "ஓட்டை இருந்தாத்தாம்மா தண்ணி உள்ள இறங்கும், இதே புத்தகத்துல போட்டிருக்கு" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டு தனக்குத்தானே உஷ் என்றாள். கடைசியில், மெல்லிய ஊசியாக இருக்க வேண்டும், திருப்பித் தரும்போது ஒரு நூல்கூட இருக்கக் கூடாது என்று ஒத்துக்கொண்டாள். அதிலிருந்து அப்பா ஒரு விதி வைத்தார். நூலைப் பிரிக்க வேண்டுமென்றால், பக்கத்தை மூடிக்கொண்டு, அந்த முடிச்சு எதற்காகப் போட்டது என்று எங்கள் இரண்டு பேரில் ஒருவர் சொல்ல வேண்டும். சொன்னால்தான் பிரிக்கலாம். சொல்லத் தெரியாவிட்டால் திரும்ப அந்தப் பத்தியைப் படித்துவிட்டு வர வேண்டும், அதற்குள் கத்தரியைத் தொடக் கூடாது.

கடைசி நாள் சாயங்காலமும் படித்தோம். ஆழத்தில் இருக்கிற தண்ணீர் மேலேயிருந்து இறங்கிச் சேர எத்தனையோ காலம் ஆகும், இன்றைக்கு ஒரு கிணற்றில் இறைப்பது நமக்குப் பல தலைமுறைக்கு முன்னால் பெய்த மழையாகக்கூட இருக்கலாம் என்று இருந்தது. அப்பா கையைத் தூக்கினார், இன்னொரு தடவை வாசி என்றார், வாசித்தேன். நாற்காலிக் கையைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். "இங்க ரெண்டு முடிச்சு போடு. ஒண்ணு கேக்கணும்" என்றார். கேளுங்கள் என்றேன். "நாளைக்கு. நான் என்ன கேக்கப் போறேன்னு நீ யோசிச்சு வை, சரியாச் சொல்றியான்னு பார்ப்போம்" என்றார். இது வழக்கமாக நாங்கள் விளையாடுகிற விளையாட்டுதான், அதனால் நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்குக் கடையில் பள்ளிக்கூட மேடைக்குத் திரை தைத்தோம், மஞ்சள் நூல், அதைத்தான் கோத்தேன். காலையில் நான் கிளம்பும்போது என்ன, யோசிச்சியா என்று கேட்டார், சாயங்காலம் சொல்கிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். மதியம் அக்கா கடைக்கு போன் செய்தாள். மற்றது உனக்குத் தெரியும்.

நீ போன் செய்த அன்றைக்கே நூலகத்திலிருந்தும் கூப்பிட்டார்கள். உஷ் அம்மாவே பேசினாள், "அவசரமே இல்லைன்னு சொல்லத்தான் ஆசை, ஆனா இன்னொரு பொண்ணு பரீட்சைக்குக் கேட்டு எழுதி வெச்சிருக்கும்மா" என்றாள், பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அதனால் அன்றிலிருந்து தினமும் கடையிலிருந்து வந்து விளக்கைப் போட்டுக்கொண்டு நூலைப் பிரிக்கிறேன். விதிப்படிதான் பிரிக்கிறேன். மூடிக்கொண்டு, நாற்காலியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் வெட்டுகிறேன், அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்காதே. சீருடை தைத்த வாரத்து நீலம், நர்ஸ் அங்கி தைத்த வாரத்து வெள்ளை, ஒவ்வொன்றாக வருகிறது, நூலின் நிறத்தைப் பார்த்தால் அப்பா அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தார் என்றுகூடத் தெரிகிறது. முதல் நாள் ஒரு நீல முடிச்சில் மாட்டிக்கொண்டேன், எதற்குப் போட்டது என்று சுத்தமாக நினைவில்லை, அழுகைதான் வந்தது. அழுதுவிட்டு அந்தப் பத்தியைத் திரும்பப் படித்தேன், தலைப்பிலிருந்து ஆரம்பித்து, அவர் சொன்ன மாதிரி கேள்வி கேட்டு, மெதுவாக. மூடினேன், சொன்னேன், வந்துவிட்டது. வாண்டு, அழுதுகொண்டிருந்தபோதும் வந்தது. அதுதான் உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

உனக்கு இப்போது இரண்டு நூல் ஒன்றாகச் சிக்கியிருக்கிறது, அப்பா போனது ஒன்று, பாடம் ஏறாதது ஒன்று. அப்படிச் சிக்கினால் நாங்கள் கடையில் இழுக்கமாட்டோம், இழுத்தால் இறுகும், ஒன்றை மட்டும் மெதுவாகத் தனியே எடுப்போம். அப்பா போனதை எடுக்க என்னால் முடியாது, உன்னாலும் முடியாது. பாடத்தை மட்டும் எடுத்துப் பார். ஒரே ஒரு அதிகாரம் போதும். உன் புத்தகத்து பாஷை எனக்கு எழுத்துக் கூட்டக்கூட வராது, ஆனால் தலைப்பு எல்லாப் பாஷையிலும் தலைப்புதானே. ஒரு சுற்று பார், கேள்வி கேள், பத்திக்கு ஒரு தடவை மூடிவிட்டு வாய்விட்டுச் சொல், கேட்க ஆள் இல்லாவிட்டால் காலி நாற்காலியிடம் சொல், நான் சொன்னால் அது கேட்டுக்கொள்கிறது. அப்படியும் வேண்டாம் என்று தோன்றினால் வந்துவிடு, ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன், அப்பா இல்லாமல் அங்கே இருக்க முடியவில்லை என்றால் அதுவே எனக்குப் போதும். ஆனால் படித்தால் புரியவில்லை, அதனால் வந்தேன் என்று மட்டும் இருக்க வேண்டாம், கண்ணு. அந்தக் காரணத்தை அப்பா ஒத்துக்கொள்ளமாட்டார்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், நல்ல தூக்கம் தூங்க வேண்டும், அப்பாவுக்கு இருந்த பொறுமையும் எனக்கு இருக்கிற பிடிவாதமும் உனக்கு வரட்டும். காதை மூடிக்கொள். ராத்திரி பட்டினியாகப் படுக்காதே. இதோடு மெல்லிய ஊசி ஒன்றும் மஞ்சள் நூல் கொஞ்சமும் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது கையில் குத்திக்கொள்ளாதே. உன் சொந்தப் புத்தகத்தில் மட்டும் குத்து, அங்கே நூலகத்தில் போய் மானத்தை வாங்காதே. பென்சிலில் போட்டாலும் சரிதான், உனக்குத்தான் கண் இருக்கிறதே. மாசக் கடைசிக்கு முன்னால் எனக்கு ஒரு வரி எழுது, போன் வேண்டாம்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கிற
அம்மா

ஒட்டுவதற்கு முன்னால் இன்னும் ஒன்று. நாளைக்குப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எல்லா நூலும் வந்துவிட்டது, மஞ்சள் ஒன்றுதான் பாக்கி, இரண்டு முடிச்சு. ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கத்தைப் படிக்கிறேன். நாம் குடிப்பது யார் காலத்து மழை என்று கேட்டிருப்பாரோ, இப்போது பெய்கிறதை யார் குடிப்பார்கள் என்று கேட்டிருப்பாரோ, இல்லை என்னைக் கேட்கவே இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் கேட்கத்தான் வைத்திருந்தாரோ என்றெல்லாம் சொல்லிப் பார்க்கிறேன், சரி என்று சொல்ல ஆள் இல்லை. சொல்லாமல் பிரிக்கவும் கூடாது. கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வாண்டு, அப்பா அந்த இடத்தில் என்ன கேட்க நினைத்தார்?